வர்த்தூர் ஏரியின் ஜிலேபி கெண்டை புது இனமாகிவிட்டதா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். கழிவுநீர் கலக்கும் பெங்களூருவின் வர்த்தூர் ஏரியில் பிடித்த ஜிலேபி கெண்டையை (திலேப்பியா) அதே ஏரித் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் விட்டால் சாதாரணமாக நீந்துகிறது. பண்ணையில் வாங்கி வந்த ஜிலேபியை அதே தண்ணீரில் விட்டால் விடிவதற்குள் செத்துவிடுகிறது. அப்படியானால் ஏரி மீனின் மரபணு மாறிவிட்டதா, மாறியிருந்தால் அதைப் புது இனம் என்று சொல்லலாமா, அதற்கு எத்தனை தலைமுறை ஆகும், டி.என்.ஏ. பார்கோடு சோதனை செய்தால் தெரிந்துவிடுமா? இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு மீன் கூட்டம் புதுச் சூழலுக்குத் தக்கபடி மாறுவது ஒன்று. அந்தக் கூட்டம் தன் பழைய உறவுகளோடு இணை சேர்வதை நிறுத்திக்கொண்டு தனி இனமாகப் பிரிவது இன்னொன்று. முதலாவது பத்து இருபது ஆண்டுகளில்கூட நடந்திருக்கிறது; அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இரண்டாவது அவ்வளவு சுலபத்தில் நடப்பதில்லை. அதிலும் கலங்கிப்போன, ஆக்சிஜன் குறைந்த தண்ணீர் இனங்களைப் பிரித்ததைவிட ஒன்றாகக் கலந்துவிட்டதற்குத்தான் சான்று அதிகம்.

முதலில் உங்கள் தொட்டிச் சோதனை. அது மரபணு வேறுபாட்டுக்குச் சான்றாகாது. அந்த முடிவு வருவதற்கு வேறு காரணங்கள் போதும். ஏரி மீன் பல மாதங்களாக அந்தத் தண்ணீரில் இருந்தது. குறைந்த ஆக்சிஜனிலும் அம்மோனியாவிலும் சில வாரங்கள் இருந்தாலே ஒரே மீனின் செவுள் அமைப்பும் ரத்தமும் நொதிகளும் தம்மைச் சரிசெய்துகொள்ளும். மலையில் ஏறிய மனிதனுக்குச் சிவப்பணு கூடுவதற்கும் பரம்பரைக்கும் சம்பந்தமில்லை அல்லவா, அது போலத்தான் இதுவும். பண்ணை மீனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கழிவுநீர் கலந்த தண்ணீரில் நச்சாக இருப்பது அம்மோனியாவின் அயனியாகாத வடிவம். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் அந்த வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் ஐந்து சதவீதத்தைத் தாண்டும்; 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தொட்டியில் ஏர் பம்ப் போட்டதும் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும். மீனுக்கு நல்லது செய்வதாக நினைத்து அதே தண்ணீரை இன்னும் விஷமாக்கியிருப்போம். பழகிய மீன் தாங்கும், புதிதாக வந்த மீன் தாங்காது.

பரம்பரையாக வந்த வேறுபாடுதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: இரு பக்க மீன்களையும் ஒரே தண்ணீரில் இரண்டு தலைமுறை வளர்த்து, பேரக்குஞ்சுகளைச் சோதிக்க வேண்டும். ஒரு தலைமுறை போதாது. ஜிலேபியின் தாய் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பது; தாய் இருந்த தண்ணீரின் தடம் குஞ்சில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் குறைந்தது எட்டு பத்துத் தாய்மீன்கள் வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் இரண்டு கூட்டங்களை அல்ல, இரண்டு குடும்பங்களை ஒப்பிடுவீர்கள். பெங்களூரு டிசம்பர் குளிரில் வளர்ச்சி நின்றுவிடும் என்பதால் ஹீட்டர் வைத்து 27 டிகிரியில் நிறுத்த வேண்டும். அப்படி வைத்தால் மூன்று நான்கு மாதத்தில் முட்டை வைக்கும் பருவம் வரும், ஒரு வருடத்துக்குள் இரண்டு தலைமுறை கிடைக்கும். ஐந்து கிராம் அளவுக் குஞ்சுகளை எடுத்து, நைட்ரஜன் குமிழ் விட்டு ஆக்சிஜனை மெல்லக் குறைத்து, மீன் எந்த அளவில் சமநிலை இழந்து சாய்கிறது என்று குறிக்க வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வலை கட்டுவதை மறக்கக் கூடாது. ஜிலேபி மேலே வந்து காற்றை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சிப் பிழைக்கும். வலை இல்லையென்றால் உடலின் தாங்குதிறனுக்குப் பதிலாக அந்தப் பழக்கத்தை அளந்துகொண்டிருப்பீர்கள். சோதனைக்குக் குழாய்த் தண்ணீர் எடுத்தால் குளோரினை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: ஜிலேபி இங்கே வந்து இந்தத் திறமையைப் பெற்றதா, வரும்போதே கொண்டுவந்ததா? மொசாம்பிக் ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆப்பிரிக்காவில் அதன் பூர்வீக இடமே வற்றும் குட்டைகளும் உப்பேறும் கழிமுகங்களும்தான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான ஆக்சிஜனைச் சில மணி நேரம் தாங்குவது அதன் பழைய சொத்து. ஆப்பிரிக்கக் கெளுத்திக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பே இருக்கிறது. ஆகவே நம் ஏரிகளில் இந்த இரண்டும் மிஞ்சி நிற்பதை, தாங்காத மற்ற மீன்கள் போனபின் மிச்சம் நின்றவை என்று கொள்வதுதான் முதல் விளக்கமாக இருக்க வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் பற்றிச் சந்தேகமே வேண்டாம். அவை தேங்கிய ஏரியில் பொதுவாக இனப்பெருக்கம் செய்வதில்லை. பொரிப்பகத்தில் ஊசி போட்டுப் பெற்ற குஞ்சுகளை மீண்டும் மீண்டும் கொண்டுவந்து விடுகிறார்கள். ஏரியில் பிழைத்த கட்லா தன் மரபணுவை ஏரியில் விட்டுச் செல்வதில்லை. அங்கே இயற்கைத் தேர்வு நடந்தாலும் அடுத்த தலைமுறைக்குப் போக வழியில்லை.

சரி, வேகமான மாற்றம் எப்படி நடக்கிறது என்று வருவோம். இதில் மிக நன்றாக ஆராயப்பட்ட மீன் வட அரைக்கோளத்தின் மூமுள் ஸ்டிக்கிள்பேக், விரல் நீளச் சிறு மீன். கடலில் வாழும்போது உடலின் இரு பக்கமும் எலும்புத் தகடுகளால் ஆன கவசம், ஒரு பக்கத்துக்கு முப்பதுக்கு மேல். சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பனியாறுகள் பின்வாங்கியபோது கரையோர ஏரிகளில் சிக்கிய கூட்டங்கள் ஆங்காங்கே, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், கவசத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒற்றை இலக்கத் தகடுகளோடு நின்றன. 2005இல் இதற்குப் பொறுப்பான மரபணு அடையாளம் காணப்பட்டது; பெயர் எக்டோடிஸ்பிளாசின். இதில் வியப்பு என்னவென்றால், உலகின் பல பகுதி ஏரிகளில் இருந்த கவசம் குறைந்த மீன்களில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணுவின் ஒரே பழைய வடிவம்தான் இருந்தது. அதன் வயது ஏரிகளின் வயதைவிட மிக அதிகம், இருபது லட்சம் ஆண்டு அளவில் மதிப்பிடப்பட்டது. கடல் மீன்களிலேயே அந்த வடிவம் நூற்றில் ஒன்றிரண்டு என்ற அளவில் ஒளிந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நன்னீருக்கு வந்ததும் இயற்கைத் தேர்வு அதைப் பொறுக்கி மேலே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். அலாஸ்காவின் லோபெர்க் ஏரியில் இது கண்ணெதிரே நடந்தது. 1982இல் அந்த ஏரி மீன்களை மருந்து போட்டுக் கொன்றார்கள். 1990இல் பார்த்தபோது கடலிலிருந்து வந்த ஸ்டிக்கிள்பேக்குகள் குடியேறியிருந்தன, ஏறக்குறைய எல்லாமே முழுக்கவசத்தோடு. 2001இல் நான்கில் மூன்று பங்கு கவசம் குறைந்தவை.

கூட்டத்துக்குள் இப்படி ஏற்கெனவே இருக்கும் மரபணு வடிவங்களின் இருப்பு இல்லாதபோது புதிய மாற்றம் தேவைப்படும். அதே மீனின் இடுப்பு முள் சில ஏரிகளில் முழுவதும் மறைந்திருக்கிறது. காரணம் பிட்எக்ஸ்-1 என்ற மரபணு. இது இடுப்பில் மட்டுமல்ல, தாடையிலும் பிட்யூட்டரி சுரப்பியிலும் வேலை செய்வது. மரபணுவையே இழந்தால் மீன் பிழைக்காது. இழந்தது இடுப்பில் மட்டும் அதை இயக்கும் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டை. புரதத்தில் எந்தக் குறையும் இல்லை, இடுப்பில் அது உருவாகவில்லை என்பதுதான் விஷயம். வெவ்வேறு ஏரிகளில் வெவ்வேறு நீளத்தில் அந்தத் துண்டு அறுந்திருக்கிறது. ஆகவே தனித்தனியாக நடந்தது என்பது உறுதி. அந்தப் பகுதியின் டி.என்.ஏ. எளிதில் முறியும் தன்மையுடையது என்று பின்னர் சோதனைச்சாலையில் காட்டினார்கள். 2012இல் 21 ஸ்டிக்கிள்பேக்குகளின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்டபோதும், கடல், நன்னீர் என்று பிரியும் இடங்களில் பெரும்பகுதி புரதத்தை மாற்றாமல் மரபணுவின் இயக்கத்தை மாற்றும் பகுதிகளாகவே இருந்தன. மூன்று குரோமோசோம்களில் தலைகீழாகத் திரும்பிய நீண்ட துண்டுகளும் கிடைத்தன. திரும்பிய துண்டுக்குள் இருக்கும் மரபணுக்கள் கலப்பின்போது பிரியாமல் கூட்டாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஒன்றாக இருந்தால்தான் பயன்படும் மாற்றங்களை இது கட்டிக் காக்கிறது.

இருப்புக்கும் புதுவரவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். சிக்லிட் மீன்களில் (ஜிலேபியும் இந்தக் குடும்பம்தான்) ஒரு டி.என்.ஏ. எழுத்துக்கு ஒரு தலைமுறையில் புதிய மாற்றம் நேரும் வாய்ப்பு முந்நூறு மில்லியனில் ஒன்று என்ற அளவில் அளக்கப்பட்டிருக்கிறது. மரபணுத் தொகுதி ஏறத்தாழ நூறு கோடி எழுத்து, தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றும். ஆக ஒரு குஞ்சுக்கு ஏழெட்டுக்குள் புதிய மாற்றங்கள். குறிப்பிட்ட ஒரு எழுத்து, குறிப்பிட்ட விதத்தில் மாறக் காத்திருந்தால் கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும் அல்லது காலம் நீள வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரைத் துறைமுகங்களில் வாழும் கில்லிஃபிஷ் இதற்கு நல்ல சாட்சி. உப்பு கலந்த கழிமுக மீன் என்றாலும் பாடம் நமக்கும் பொருந்தும். சாதாரணக் கருவைக் கொல்லும் அளவைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு தொழிற்சாலை நச்சைச் சில துறைமுகக் கூட்டங்கள் தாங்குகின்றன. அந்த நச்சுகள் செல்லுக்குள் தூண்டிவிடும் ஒரு சமிக்ஞைப் பாதையின் மரபணுக்களில் துண்டுகள் அறுந்து, அந்தப் பாதையே மந்தமாகியிருக்கிறது. சில பத்தாண்டுகளில் இது சாத்தியமானதற்குக் காரணம் அந்த மீனின் எண்ணிக்கையும் அதற்குள் இருந்த அளவு கடந்த மரபணு வேறுபாடும். இவ்வளவு மாறிய பிறகும் அவை இன்னும் ஒரே இனம்தான். பக்கத்துக் கழிமுக மீனோடு இணை சேர்ந்தால் குஞ்சு பிறக்கும். நம் ஜிலேபியின் நிலை இதற்கு நேர் எதிர்: மிகச் சில மீன்களிலிருந்து பெருகியது. கொண்டுவந்த இருப்பே சிறியது. பின்னர் நைல் ஜிலேபியும் வந்து அதனோடு கலந்தது இருப்பைக் கொஞ்சம் கூட்டியிருக்கும்.

நச்சுத் தண்ணீர் உண்மையிலேயே இனத்தைப் பிரித்த இடம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தெற்கு மெக்சிகோவில் தபாஸ்கோ, சியாபாஸ் பகுதிகளின் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஊற்றுகளில் மோலி மீன்கள் வாழ்கின்றன. பெங்களூருவின் சாக்கடைகளில் கொசுவுக்காக விடப்பட்டுப் பெருகிக் கிடக்கும் கப்பியும் அதே பேரினம். சல்ஃபைடு செல்லின் ஆற்றல் உற்பத்தியில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியை அடைத்துவிடும். இரண்டு நதிக் கூட்டங்களில் அந்த நொதியே மாறிச் சல்ஃபைடுக்கு அடைபடாமல் நிற்கிறது. பக்கத்து நதிக் கூட்டத்தில் நொதி மாறவில்லை. உள்ளே நுழைந்த சல்ஃபைடை மாற்றி வெளியேற்றும் வேலையைத்தான் கூட்டியிருக்கிறது. இங்கே பிரிவு எப்படி வந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. சாதாரண ஓடையிலிருந்து ஊற்றுக்குள் நுழைந்த மோலி ஒரு நாளுக்குள் செத்துவிடும். ஊற்று மோலி வெளியே வந்தால் இரைதின்னிக்கும் உணவுப் போட்டிக்கும் இரையாகும். எல்லை சில மீட்டரில் முடிகிறது, ஓடைக்கு ஓடை தெளிவாக இருக்கிறது, நீண்ட காலமாக மாறாமலும் இருக்கிறது. வந்தவை இணை சேரும் முன்பே இறப்பதால் மரபணுக் கலப்பு தானாக அறுந்துபோனது.

வர்த்தூருக்கு அந்த மூன்றும் இல்லை. பெங்களூரு ஏரிகள் இயற்கையானவை அல்ல. மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கலிங்கு வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிரம்பி வழியும்படி வெட்டப்பட்டவை. நகரத்தின் மேட்டுக்குக் கிழக்கே கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தின் ராஜகால்வாய் (பெரிய வடிகால்) பெல்லந்தூரை நிரப்பி, வர்த்தூரை நிரப்பி, தட்சிண பினாகினியில் விழுகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையோடு வந்து சேரும் நம் தென்பெண்ணை அதுதான். மேற்கே விருஷபாவதி அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. ஒவ்வொரு பெருமழைக்கும் மேல் ஏரிக் குஞ்சுகள் கீழ் ஏரிக்கு அடித்துவரப்படுகின்றன. மீன் குத்தகைக்காரர் விடும் குஞ்சு ஒரு பக்கம், வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்தவர்கள் கொட்டும் மீன் ஒரு பக்கம். ஒரு தலைமுறைக்குச் சராசரியாக ஒரே ஒரு மீன் வெளியிலிருந்து வந்து இனப்பெருக்கம் செய்தாலே கூட்டங்களின் மரபணுக்கள் தற்செயலாக ஒன்றிலிருந்து ஒன்று விலகுவது பெரிய அளவுக்குப் போகாது என்பது மரபியலின் பழைய கணக்கு. தேர்வு கடுமையாக இருந்தால் ஒன்றிரண்டு மரபணுக்களில் மட்டும் வேறுபாடு நிற்கலாம். மொத்தத் தொகுதி ஒன்றாகவே இருக்கும். போதாததற்குத் தூர்வார ஏரியை வடித்துக் காயப்போட்டுவிட்டு மறுபடி குஞ்சு விடுகிறார்கள். அந்த ஏரியில் அதுவரை நடந்த பரிணாமம் எதுவானாலும் அதோடு முடிந்தது.

கலங்கல் இனங்களை ஒன்றாக்கிய கதை ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் தெளிவாகத் தெரியும். சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டு, பின்னர் நிரம்பிய அந்த ஏரியில் 500 அளவில் சிக்லிட் இனங்கள் உண்டாயின. அங்கே நெருங்கிய இரண்டு இனங்களில் ஒன்றின் ஆணுக்கு நீலம், மற்றதன் ஆணுக்குச் சிவப்பு. ஆழம் போகப் போக அந்த ஏரித் தண்ணீருக்குள் சிவப்பு ஒளியே மிஞ்சும். ஆழத்தில் வாழ்வதன் கண்ணில் நீண்ட அலைநீள ஒளியை உணரும் ஆப்சின் மரபணு அதற்கேற்ப மாறியிருக்கிறது. எந்த ஒளிக்குக் கண் பழகியதோ அந்த நிற ஆணைப் பெண் தேர்ந்தெடுக்கிறது. இரை தேட உதவும் மாற்றமே துணை தேடலையும் பிரித்துவிட்டது. ஒரே மரபணு மாற்றம் இரண்டு வேலையும் செய்யும்போது இனப்பிரிவு விரைகிறது. இந்த ஏற்பாடு முழுவதும் தெளிந்த தண்ணீரை நம்பியிருக்கிறது. கழிவும் உரமும் சேர்ந்து கலங்கிய இடங்களில் நிறங்கள் மங்கி, பெண்ணுக்கு ஆண் அடையாளம் தெரியாமல், இரண்டு இனங்களும் இடைப்பட்ட ஒரே கூட்டமாகக் கலந்திருக்கின்றன. சுவிட்சர்லாந்து ஏரிகளில் வேறு வழியில் இதே முடிவு. அங்கே வெள்ளைமீன் இனங்கள் வெவ்வேறு ஆழத்தில் முட்டையிட்டுத் தனித்தனியாக இருந்தன. பாஸ்பரஸ் பெருகி ஏரியின் அடிப்பகுதியில் ஆக்சிஜன் அற்றுப்போனதும், ஆழத்தில் முட்டையிட்டவை மேலே வந்து மற்றவற்றோடு கலந்தன. இன எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. கனடாவின் எனோஸ் ஏரியில் அடித்தளத்தில் மேய்வது, நடுநீரில் மேய்வது என்று இரண்டு ஸ்டிக்கிள்பேக் இனங்கள் இருந்தன. வெளியிலிருந்து வந்த நன்னீர் நண்டாலோ என்று சந்தேகிக்கப்படும் ஒரு மாற்றத்துக்குப் பின், 1990களிலேயே இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இந்த மீன்கள் எல்லாம் இவ்வளவு சுலபமாகக் கலப்பதற்குக் காரணம், அவற்றைப் பிரித்து வைத்தது மரபணுப் பொருத்தமின்மை அல்ல, இணை தேர்வும் இருப்பிடமும்தான் என்பது. கலப்புக் குஞ்சு ஆரோக்கியமாகவே இருக்கும். உள்ளுக்குள் பொருந்தாமல் போகும் நிலை வர இன்னும் நெடுங்காலம் வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டு சிவாஜிநகர் மீன்கடைகளிலேயே இருக்கிறது. பிளாட்டியையும் சுவார்டுடெயிலையும் கலந்து, அந்தக் கலப்பை மறுபடி சுவார்டுடெயிலோடு கலந்தால் சில குஞ்சுகளுக்குக் கரும்புள்ளி பெருகி மெலனோமா புற்றுநோயாகும். பிளாட்டியில் ஒரு புற்றுநோய் மரபணுவும் அதை அடக்கி வைக்கும் வேறொரு மரபணுவும் சேர்ந்தே வருகின்றன. கலப்பில் அடக்குவது விட்டுப்போய் முதலாவது மட்டும் மிஞ்சினால் ஆபத்து. 1920களிலிருந்தே ஆராயப்படும் விஷயம் இது. அதே நேரம், கலப்பு என்றாலே அழிவு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விக்டோரியாவின் அந்த 500 இனங்களுக்கும் மூதாதை, நெடுங்காலம் பிரிந்திருந்த இரண்டு சிக்லிட் வம்சங்கள் கலந்து உண்டான கூட்டம்தான் என்று 2017இல் மரபணுத் தொகுதி ஆய்வு காட்டியது. கலப்பு தந்த பெரிய இருப்பும், எதிரே காலியாகக் கிடந்த புதிய ஏரியின் விதவிதமான இடங்களும் சேர்ந்தே வந்ததால் அது பலித்தது. வர்த்தூரில் விதவிதமான இடம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

எத்தனை தலைமுறை என்ற கேள்விக்கு ஒற்றை எண் கிடையாது. எண்களின் வீச்சைச் சொல்லலாம். டிரினிடாட் ஓடைகளில் கப்பியை இரைதின்னி குறைந்த பகுதிக்கு மாற்றி விட்டபோது, முதிரும் வயதும் உடல் அளவும் பரம்பரையாக மாற ஆண்களுக்கு நான்கு ஆண்டும் பெண்களுக்குப் பதினோரு ஆண்டுக்குள்ளும் போதுமாயிருந்தது. தான்சானியாவின் மசோகோ என்ற எரிமலைக் குழி ஏரியில் சிக்லிட்டுகள் கரையோரம், ஆழம் என்று இரண்டாகப் பிரியத் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்குள்தான் ஆகிறது. பிரிவு இன்னும் முடியவில்லை. நம் பக்கத்து இயற்கை இனங்கள் எல்லாம் இதைவிட மிகப் பழைய கதை. முதுகுத் துடுப்பில் இழை நீளும் டாகின்சியா கெண்டைகளைப் பாருங்கள்: காவிரியில் ஒரு இனம், தாமிரபரணியில் ஒரு இனம், கேரளத்துக் கல்லடையாற்றில் ஒரு இனம். மலை முகடு ஆறுகளைப் பிரித்து வைத்த நீண்ட காலத்தில் தேர்வும் தற்செயலும் சேர்ந்து செய்த வேலை. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தென்னிந்திய மீன்களில் முழு மரபணுத் தொகுதி ஆய்வுகள் நடக்கவில்லை. ஜிலேபி பெங்களூருக்குள் வந்து நூறு தலைமுறை அளவில் இருக்கும். ஒரு குணம் மாற அது போதும், இனம் பிரிய அது போதாது.

இதன் மறுபக்கம், ஏரியைச் சுத்தம் செய்தாலும் பரிணாமம் நடக்கும். சியாட்டில் நகரின் வாஷிங்டன் ஏரிக்குப் போன கழிவுநீரை 1960களில் திருப்பிவிட்டார்கள். முக்கால் மீட்டர் ஆழம்கூடத் தெரியாதிருந்த தண்ணீர் ஏழு மீட்டர் வரை தெளிந்தது. 1960களின் இறுதியில் அங்கிருந்த ஸ்டிக்கிள்பேக்குகளில் முழுக்கவசம் உடையவை நூற்றுக்கு 6. 2005இல் நூற்றுக்கு 49. தெளிந்த நீரில் டிரவுட் மீனின் கண்ணுக்கு அகப்பட்டதால் கவசம் மீண்டும் பயன்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். மரபணு மாற்றம் என்பது உறுதி. டிரவுட்தான் காரணம் என்பது நல்ல ஊகம்.

இனி டி.என்.ஏ. சோதனை. பார்கோடு என்று ஆய்வுக்கூடங்கள் செய்வது மைட்டோகாண்டிரியாவின் ஒரு மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படிப்பது. உங்கள் கேள்விக்கு அது பயன்படாது. விக்டோரியாவின் கண்ணுக்குத் தெளிவாக வேறுபடும் இனங்களையே அதனால் பிரிக்க முடியவில்லை. இளம் இனங்கள் ஒரே வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு சதவீதம் வேறுபட்டால் வேறு இனம் என்பதும் வசதிக்கான அளவுகோல்தான். மேலும் மைட்டோகாண்டிரியா தாய்வழி மட்டுமே வரும். மொசாம்பிக் தாய்க்கும் நைல் தந்தைக்கும் பிறந்த கலப்பைச் சோதனை சுத்த மொசாம்பிக் என்றே சொல்லும். காவிரியிலும் இதே சிக்கல். அங்கே மட்டும் வாழும் திமில் மகாசீர் என்ற பெரிய கெண்டை வகை மீன் 2018இல்தான் டோர் ரெமாதேவி என்று சரியாக அடையாளம் காணப்பட்டது, அழிவின் விளிம்பில் இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பொரிப்பகங்களிலிருந்து வேறொரு மகாசீர் இனத்தை அந்த ஆற்றில் விட்டார்கள். இரண்டும் கலந்ததா என்பதை மைட்டோகாண்டிரியாவை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது, உட்கரு டி.என்.ஏ. வேண்டும்.

உங்களுக்குத் தேவைப்படுவது ஒவ்வொரு ஏரியிலிருந்தும் முப்பது மீன் அளவில் எடுத்து, உட்கரு டி.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கான இடங்களைப் படிக்கும் சோதனை. வால்துடுப்பின் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் நறுக்கினால் போதும், மீனைக் கொல்ல வேண்டாம். 95 சதவீத எத்தனாலில் போட்டு, மறுநாள் அந்த எத்தனாலை மாற்றிவிடுங்கள். திசுவிலிருந்து ஊறும் தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்து டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். ஒரு மீனுக்கும் அடுத்ததற்கும் இடையே கத்தரியைத் துடைத்துத் தீயில் காட்டுங்கள். முடிவு வந்த பிறகு ஒரு எச்சரிக்கை: இரண்டு ஏரி மீன்களுக்கும் இடையே தொகுதியின் சில இடங்களில் மட்டும் வேறுபாடு மலைபோல் எழுந்து நின்றால், அதுதான் சூழலுக்கேற்ற மாற்றத்தின் மரபணு என்று குதிக்கக் கூடாது. குரோமோசோமில் மறுசேர்க்கை (தாய்வழி, தந்தைவழித் துண்டுகள் இடம் மாறிக்கொள்வது) குறைவாக நடக்கும் பகுதிகளில் அப்படித் தானாகவே தெரியும். இதில் ஆய்வாளர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

ஏரி ஏரியாக ஒப்பிடுவதைவிடக் கூர்மையான வழி ஒன்றும் உண்டு. கோடையின் முதல் மழைக்கு மறுநாள் காலை மீன் செத்து மிதக்கும் நாளில், இறந்தவற்றையும் அதே கரையில் உயிரோடு வலையில் விழுபவற்றையும் சேர்த்து எடுங்கள். ஒரே ஏரி, ஒரே கூட்டம், ஒரே இரவு. இரண்டு குவியலுக்கும் இடையே மரபணு வேறுபாடு இருந்தால் தேர்வு நடந்ததற்கு அது நேரடி அடையாளம். அளவு ஒத்த மீன்களையே இரண்டு பக்கமும் சேருங்கள், ஏனெனில் ஆக்சிஜன் குறையும்போது பெரிய மீனும் சிறிய மீனும் ஒரே மாதிரி சாவதில்லை. மரபணுவுக்குப் பதில் வயதை அளந்துவிடுவீர்கள். செவுள் இன்னும் சிவந்திருக்கும் மீனை மட்டும் எடுங்கள். பதினோரு மணி வெயிலுக்குப் பிறகு கரையில் கிடப்பதில் டி.என்.ஏ. துண்டு துண்டாகியிருக்கும். குத்தகைக்காரரிடமும் மீன்வளத் துறையிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலையில் போய்க் கேட்டால் யாரும் நின்று பேசும் நிலையில் இருக்க மாட்டார்கள்.